ஜெரோமி வெளியே இருக்கட்டும்

மேல்பிரிவு லயம்,
அக்கரப்பத்தனை.
14.01.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மகளும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதில் பாதிதான் உண்மை. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமா?

கையில் போன் இருக்க இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் காம்பிராவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, உங்களுக்குத் தெரியாததா? நான் இந்தப் பக்கம் தும்மினால் பூரணி அந்தப் பக்கத்திலிருந்து நூறு ஆயுசு என்பாள். வெளியே போய்ப் பேசலாம் என்றால் சிக்னல் கிடைக்கிற மேட்டில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். இது நாலு பேர் கேட்கிற விஷயம் இல்லை.

ஜெரோமி தலைமுடியைப் பிடுங்குகிறாள். படிக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் கை தானாக உச்சிக்குப் போகிறது. ஒவ்வொரு முடியாக இழுத்து விரலில் சுற்றுகிறாள். முதலில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு வெறும் தோல் தெரிந்தது. இப்போது உள்ளங்கை அளவு. இரட்டைப் பின்னலை மேலே தூக்கிக் கட்டி, ரிப்பனை அகலமாக விரித்து மறைத்துத்தான் பள்ளிக்கூடம் அனுப்புகிறேன். ராத்திரியில் கண்ணைத் திறந்தபடியே படுத்திருக்கிறாள். வாய் ஓயாத பிள்ளை, இப்போது கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். எனக்குத்தான் கடைச் சிங்களமும் பஸ் சிங்களமும் விட்டால் வேறு தெரியாதே. எல்லா இடத்திலும் போல அங்கேயும் ஜெரோமிதான் எனக்காகப் பேசினாள். டாக்டர் வெகுநேரம் ஏதோ சொன்னார். "சத்து இல்லையாம்மா, எண்ணெ தேய்க்கச் சொல்றாங்க" என்றாள். நானும் தேய்க்கிறேன். தலையணை உறைதான் எண்ணெயாகிறது.

எனக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. உங்கள் மச்சான் கிளைவைக் குளவி கொட்டித் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, "நாளைக்குச் சரியாயிரும், வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று சொன்னவரும் ஒரு டாக்டர்தான். அதை நம்பித்தான் மாற்றுத்துணி எடுக்க வந்தேன். திரும்பிப் போனபோது கிளைவின் உயிர் போயிருந்தது. ஃபாதரைக் கூப்பிட்டுக் கடைசி நேர நோயில் பூசுதல்கூடக் கொடுக்க முடியாமல் போயிற்று. இரண்டு வருஷமாகப் போகிறது, அந்த டாக்டரைத் திட்டாமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை. மகள் காதில் விழுகிற மாதிரியே திட்டுகிறேன். அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். தோட்ட ஆபீசுக்கு வருகிற கடிதம் எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. டவுனில் சுதர்ஷினி ஸ்டோர்ஸ் விலாசத்துக்கே போடுங்கள்.

தங்கை,
ஐவி


கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
28.01.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அந்தோணியார் துணையால் இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்கு மட்டும் முழங்கால் வலி. உன் கடிதம் கண்டு மனசு கேட்கவில்லை.

வயதுக்கு வருகிற பருவம், உடம்பு சூடு, இப்படி ஏதாவது இருக்கும். எண்ணெயை விடாதே. கொச்சிக்கடை அந்தோணியாருக்கு ஒரு நேர்ச்சை வைத்திருக்கிறேன். முடி வளர்ந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, மெழுகுதிரி ஏற்றலாம். யாரிடமும் இதைப் பேசாதே. பெண்பிள்ளை.

போன வருஷம் இங்கே வந்தபோது அவள் எங்கள் கடை முதலாளியிடம் சிங்களத்தில் பேசியதை முதலாளி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு வாய் உனக்குத் துணைக்கு இருக்கும்போது என்ன கவலை?

அண்ணன்,
அலோசியஸ்


அக்கரப்பத்தனை.
20.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் முழங்கால் தேவலையா? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

எண்ணெயில் ஒன்றும் ஆகவில்லை என்று மறுபடி தோல் கிளினிக்குக்குப் போனோம். நம்பர் கொடுக்கிற இடத்தில் செல்லசாமி என்று நம்ம ஆள் ஒருத்தர், நோர்வூட் பக்கம். ஜெரோமி குழாயடிக்குப் போயிருந்தபோது என்னைப் பார்த்து, "என்னாம்மா, மறுபடியும் இங்கயே வந்து நிக்கிறீங்க? போன தடவயே மேல் மாடி மனநல கிளினிக்குக்குப் போகச் சொன்னாங்கல்ல? நான்தானே வழி காட்டுனேன், இந்தப் பிள்ளைக்கிட்ட" என்றார்.

அவரிடமே விவரமாகக் கேட்டேன். தோலில் குறை எதுவும் இல்லை, மனசுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லுங்கள் என்பதுதான் அந்த டாக்டர் வெகுநேரம் சொன்னதாம். இவள் அதை எண்ணெயாக்கி என்னிடம் கொடுத்திருக்கிறாள்.

அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. "ஏன்டி?" என்றேன். "நீங்க பயப்படுவீங்கன்னுதான்ம்மா" என்றாள். அப்படியே கையைப் பிடித்து மேல் மாடிக்கு ஏறினேன்.

அங்கே ஒரு டாக்டர் அம்மா. சின்ன வயதுதான், நிதானமான முகம். தமிழ் தெரியாது. அவர் கேட்க, இவள் என்னிடம் சொல்ல, நான் சொல்ல, இவள் அவரிடம் சொல்ல, கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அந்த அம்மா பேனாவை மூடிவிட்டுக் கீழேயிருந்து செல்லசாமியை வரவழைத்தார். அவர் வாயால் எனக்குச் சொன்னது இது: "நோயாளியவே வாயா வச்சிக்கிட்டு வராதீங்க. அடுத்த தடவை பேசுறதுக்கு வேற பெரிய ஆள் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க." செல்லசாமிக்குக் கீழே வேலை, எப்போதும் வர முடியாதாம்.

அந்தோணியார் நேர்ச்சை இருக்கட்டும். கிளினிக்குக்கும் போகத்தான் போகிறேன், அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏப்ரல் இருபத்து நாலு புதன்கிழமை. நீங்கள் வர வேண்டும்.

தங்கை,
ஐவி


கொழும்பு.
31.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். அனைவரும் நலம்.

ஏப்ரலில் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. முதலாளி லீவு தருவது சந்தேகம். அதோடு மனநல கிளினிக் என்றால் பேர் கெட்டுப்போகும், யோசித்தாயா? நாளைக்கு ஒரு சம்பந்தம் என்று வந்தால் என்ன சொல்வாய்? கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே.

அண்ணன்,
அலோசியஸ்


அக்கரப்பத்தனை.
08.04.2024

அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

சம்பந்தம் வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் தலையில் முடி மிஞ்ச வேண்டும், தலைக்குள் பிள்ளை மிஞ்ச வேண்டும்.

நீங்கள் வராவிட்டால் பூரணியின் புருஷனைக் கூட்டிப் போவேன். அவனுக்குச் சிங்களம் நன்றாக வரும். நான் போன் எடுக்காமல் கடிதம் எழுதுவதே அந்த வீட்டுக் காதுக்குப் பயந்து. அவன் வந்தால் அடுத்த நாள் காலையிலேயே, பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பேர் கெடுவது அப்போதுதான். எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐவி


கொழும்பு.
05.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கிளினிக் முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஹட்டனில் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்த ரொட்டியும் சம்பலும் நாவலப்பிட்டி வருவதற்குள் முடிந்தது. இங்கே நல்ல மழை. கடைக்குள் தண்ணீர் வந்து சிமெந்து மூட்டை கொஞ்சம் வீணாகிவிட்டது, முதலாளி கத்திக்கொண்டிருக்கிறார்.

மாத்திரையை வேளை தவறாமல் கொடு. முதல் சில நாள் தூக்கமாக இருக்கும் என்று டாக்டர் அம்மா சொன்னதை மறக்காதே. பிள்ளையை எதற்கும் அதட்டாதே.

அண்ணிக்கு முழங்கால் பரவாயில்லை.

அண்ணன்,
அலோசியஸ்


அக்கரப்பத்தனை.
19.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை விட்டதா? சிமெந்து காய்ந்ததா?

நீங்கள் வந்ததற்கு நான் ஆயுசுக்கும் நன்றியாக இருப்பேன், அது வேறு. ஆனால் நான் கேட்டதற்குப் பதில் எங்கே? ஆஸ்பத்திரி வாசலில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், ஹட்டன் ஸ்டேஷனில் கேட்டேன். நீங்கள் ரயில் வருகிறதா என்று பார்த்தீர்கள்.

சிங்களம் தெரியாதே தவிர எனக்குக் கண் இருக்கிறது. டாக்டர் அம்மா இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். கிளைவ் போன பிறகு என்றேன். அவர் எப்படிப் போனார் என்று கேட்டார். குளவி கொட்டியதைச் சொன்னேன், அந்த டாக்டர் பொய் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பியதைச் சொன்னேன். நீங்கள் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கவில்லை, ஜெரோமி எழுந்துவிட்டாள். டாக்டர் அம்மாவைப் பார்த்து மூச்சு விடாமல் என்னவோ சொன்னாள். அப்பாவைப் பற்றி என்பது மட்டும் புரிந்தது. அந்த அம்மா அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். உங்கள் முகம் வெளுத்துப்போயிருந்தது. "என்னா அண்ணே சொல்றா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றீர்கள். ஒன்றும் இல்லாததற்கா டாக்டர் உங்களிடம் அவ்வளவு நேரம் பேசினார்?

என் மகள் என் முன்னால் நின்று சொன்னதை அந்த அறையில் நான் ஒருத்திதான் கேட்காமல் இருந்திருக்கிறேன். இது என்ன நியாயம் என்று எழுதுங்கள்.

ஐவி


கொழும்பு.
28.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். மே மாதத்திலிருந்து நீ போட்ட மூன்று கடிதமும் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் எழுத உட்கார்ந்தேன், எழுதியதைக் கிழித்தேன்.

அன்றைக்கு டாக்டர் அம்மா என்னிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "இத இந்தப் பிள்ளையே அம்மாக்கிட்ட தன் வாயால சொல்லணும். நீங்க சொல்லிட்டீங்கன்னா அவளுக்கு வைத்தியம் ஆகாது. எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருங்க." நான் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ திட்டினாலும் அதை மீற மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிளைவைப் பார்த்த அந்த டாக்டரைத் திட்டுவதை நிறுத்து. ஏன் என்று கேட்காதே. எனக்காக நிறுத்து.

அண்ணன்,
அலோசியஸ்


அக்கரப்பத்தனை.
15.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதனால்தான் தாமதம்.

சரி, கேட்கவில்லை. அந்த டாக்டரைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டேன். முதல் வாரம் நாக்கு அரித்தது. திட்டாமல் படுத்த அன்றைக்கு ஜெரோமி தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள்.

நீங்கள் சொல்ல மாட்டீர்கள், அவளும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத பாஷையால்தானே இவ்வளவும்? அதனால் நானே சிங்களம் படிக்கிறேன். சிரிக்காதீர்கள். தோட்ட வாட்ச்சரின் மனைவி சோமா அக்கா, சிங்களவர்தான், சொல்லித் தருகிறார். அவருக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் நான் பறித்துக் கொடுக்கிறேன். மலையில் கொழுந்து எடுக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே எடுக்கிறேன். ஐவிக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று பூரணி எல்லோரிடமும் சொல்கிறாளாம். பிடித்துத்தான் இருக்கிறது.

ஜூலையில் மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்து மறுபடி ஒரு பிடி முடியை இழுத்துவிட்டாள். அன்றைக்கு அழுதேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். செல்லசாமி தன் சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்து பேசிக் கொடுத்தார். கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார்கள். நூல்கண்டு வாங்கிக் கொடுத்தேன், கை மேலே போகும்போது அதில் முடிச்சுப் போடுகிறாள். உச்சியில் கோழிக்குஞ்சுக்கு முளைத்த மாதிரி மெல்லிய முடி வந்திருக்கிறது.

போன வாரம் என் சிங்களத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம். பிறகு, "நான் இருக்கேன்லம்மா, நீங்க எதுக்குப் படிக்கிறீங்க?" என்றாள். "நீ இரு. இனிமே ஆஸ்பத்திரியில நானே பேசிக்கிறேன்" என்றேன். அவள் போய்ப் படுத்தாள், படுத்ததும் தூங்கிவிட்டாள்.

தங்கை,
ஐவி


அக்கரப்பத்தனை.
06.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் விசாரிப்பதைப் பிறகு செய்கிறேன். சொல்லிவிட்டாள்.

கல்லறைத் திருநாளன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். சனங்கள் கலைந்துவிட்டார்கள். நான் கிளைவின் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஜெரோமி மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், ஏற்றவில்லை.

"அம்மா, அந்த டாக்டர் பொய் சொல்லலம்மா" என்றாள்.

"இந்த ராத்திரி தாங்க மாட்டாரு, அம்மாவ எங்கயும் போக வேணாம்னு சொல்லுன்னுதான் எங்கிட்ட சொன்னாரு. எனக்கு வாயில வரல. நாளைக்குச் சரியாயிரும், வீட்டுக்குப் போயிட்டு வரச் சொல்றாங்கன்னு சொல்லிட்டேன். நான் சொல்லாட்டி அது நடக்காதுன்னு நெனச்சேன்ம்மா."

மறைக்க மாட்டேன் அண்ணே. எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. கடைசி நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஃபாதரைக் கூப்பிட்டிருப்பேன். புல்லைப் பிடுங்கினேன். அவருடையது முடிந்து, யாருடையதோ தெரியாத பக்கத்துக் கல்லறையையும் பிடுங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். கை மெல்ல மெல்ல உச்சிக்குப் போகிறது.

அந்தக் கையைப் பார்த்ததும் கோபம் நின்றுவிட்டது. பதினொரு வயசில் அதைக் கேட்டவள் அவள். சொல்லவும் முடியாமல், நான் இரண்டு வருஷமாக அந்த டாக்டரைத் திட்டத் திட்ட அவ்வளவையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

எழுந்து போய்க் கையைப் பிடித்தேன். "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? நீ சொன்னத நான் ஒங்கப்பாக்கிட்ட சொன்னேன். நாளைக்குச் சரியாயிருமாம்னேன். சிரிச்சாரு. அப்பன்னா கட்டிக்க அந்த நீலச் சாரத்த எடுத்துட்டு வான்னாரு. பயப்படாமப் போனாரு ஒங்கப்பா. டாக்டர் சொன்னது எனக்குத் தெரிஞ்சிருந்தாலும் அவருக்கிட்ட நானும் நீ சொன்னதத்தான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

இது அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னது இல்லை. சத்தியமாக அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பூசுதல் கிடைக்காதது இன்னும் உறுத்துகிறது. அது என் பாடு, அவளுக்கு அதில் பங்கு வேண்டாம். இரண்டு பேரும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு இருட்டுவதற்கு முன் மேலே ஏறி வந்தோம். வழியெல்லாம் அழுதாள், அழட்டும் என்று விட்டேன்.

இருபதாம் தேதி புதன்கிழமை அவளுக்கு மறுபடி கிளினிக். அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகமா?

தங்கை,
ஐவி


கொழும்பு.
14.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடைக்குப் பின்னால், ஸ்டோரில் உட்கார்ந்து படித்தேன். முதலாளி என் கண்ணைப் பார்த்துவிட்டு, சிமெந்துத் தூசா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதலில் பொறுத்துப் பார்க்கலாம் என்று எழுதினேனே, நீ என் பேச்சைக் கேட்காததே நல்லது. புதன்கிழமை கிளினிக் என்றாயே, லீவு கேட்டுவிட்டேன். பேசிக் கொடுக்க வரட்டுமா?

அண்ணன்,
அலோசியஸ்


அக்கரப்பத்தனை.
24.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். இந்த முறை முழுசும் உண்மை. அண்ணியின் முழங்காலுக்குச் சோமா அக்கா ஒரு எண்ணெய் சொல்லியிருக்கிறார், அனுப்புகிறேன். பயப்பட வேண்டாம், இது நிஜமாகவே எண்ணெய் வைத்தியம்தான்.

உங்கள் கடிதம் புதன்கிழமை தாண்டித்தான் கைக்கு வந்தது. வந்திருந்தாலும் வர வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். அந்த லீவைக் கிறிஸ்மஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பரைக் கூப்பிட்டதும் ஜெரோமி பழக்கத்தில் எனக்கு முன்னால் எழுந்தாள். நான் தோளில் கையை வைத்து உட்கார வைத்தேன். கேன்டீனில் வாங்கிய, மீன் வைத்த மாலு பாணை அவள் மடியில் வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் அம்மா மகள் எங்கே என்று கேட்டார். ஜெரோமி வெளியே இருக்கட்டும், முதலில் நான் பேசுகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான். கல்லறையில் நடந்ததைச் சொன்னேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினேன். அந்த அம்மா என்னைத் திருத்தவில்லை, நடுவில் பேசவும் இல்லை. முடித்த பிறகு அட்டையில் ஏதோ எழுதினார். மாத்திரை இன்னும் சில மாதம் வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன், எத்தனை மாதமானாலும்.

பிறகு அவளைக் கூப்பிடக் கதவைத் திறந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, பாணை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவள் தின்று முடிக்கும் வரை டாக்டர் அம்மாவைக் காத்திருக்கச் சொன்னேன்.

தங்கை,
ஐவி